கொட்டி அள்ளும் உறுப்பு: சிறுநீரகமும் உடலின் சமநிலையும்

ஒரு நாளில் நம் சிறுநீரகங்கள் இரத்தத்திலிருந்து வெளியே இறக்கும் உப்பு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. நாம் ஒரு நாளில் சாப்பிடும் உப்பு அதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. இறக்கிய உப்பெல்லாம் சிறுநீரோடு போய்விட்டால் உடல் ஒரு பொழுதுகூடத் தாங்காது. அப்படி நடப்பதில்லை. இறக்கியதில் 99 விழுக்காட்டுக்கும் மேலானதைச் சிறுநீரகம் திரும்ப எடுத்து இரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. தண்ணீரின் கதையும் இதேதான். நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகிறது. சிறுநீராக வெளியேறுவது ஒன்று முதல் இரண்டு லிட்டர்.

கழிவை மட்டும் பொறுக்கி வெளியே தள்ளினால் போதாதா? உயிருக்கு இன்றியமையாத உப்பையும் நீரையும் சர்க்கரையையும் கழிவோடு சேர்த்து வெளியே விட்டு, பிறகு மெனக்கெட்டு மீட்டெடுக்கும் இந்தச் சுற்றுவழி எதற்கு? சிறுநீரக இயலின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது. சிறுநீரகம் என்றவுடன் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் வடிகட்டி என்று சொல்லிப் பழகிவிட்டோம். வடிப்பது அதன் வேலையில் முதல் பாதி மட்டுமே. உடலின் சமநிலை தீர்மானமாவது இரண்டாம் பாதியில், எதை எவ்வளவு திரும்ப எடுப்பது என்ற கணக்கில். நோயையும் சிகிச்சையையும் விளங்கிக்கொள்ள இந்த வேறுபாடுதான் திறவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வடிக்கிறதா, சுரக்கிறதா?

சிறுநீரைப் பார்த்து நோயறியும் வழக்கம் பழமையானது. சித்த மருத்துவத்தில் நீர்க்குறி, நெய்க்குறி என்ற சோதனைகள் உண்டு. சிறுநீரின் நிறம், மணம், நுரை முதலியவற்றையும், அதில் விட்ட எண்ணெய்த் துளி பரவும் விதத்தையும் வைத்து நோயைக் கணிப்பார்கள். ஆனால் சிறுநீர் எங்கே, எப்படி உண்டாகிறது என்பது வேறு கேள்வி. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் கேலன், உயிருள்ள விலங்கின் சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாய்களைக் கட்டிவிட்டுப் பார்த்தார். பை காலியாகவே இருந்தது. கட்டுக்கு மேலே குழாய் வீங்கியது. சிறுநீர் பிறக்குமிடம் சிறுநீரகமே என்று அப்போது உறுதியானது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய மேலும் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் ஆயின.

இத்தாலியர் மார்செல்லோ மால்பீகி 1666-ல் வெளியிட்ட நூலில், சிறுநீரகத் தமனிக்குள் நிறநீரைச் செலுத்தி, நுண்ணோக்கியில் தெரிந்த உருண்டையான சிறு முடிச்சுகளை விவரித்தார். மருத்துவர்கள் குளோமெருலஸ் என்று இன்று சொல்வது இதைத்தான். 1842-ல் லண்டனில் வில்லியம் பௌமன் என்ற இளைஞர், முடிச்சைச் சுற்றியிருக்கும் உறை அப்படியே நீண்டு ஒரு சிறுகுழலாகிறது என்று காட்டினார். முடிச்சு நீரை மட்டும் விடுகிறது, கழிவைக் குழலின் செல்கள் சுரந்து அதில் சேர்க்கின்றன என்பது அவர் ஊகம். அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் லூத்விக், இரத்த அழுத்தமே நீரையும் அதில் கரைந்த எல்லாவற்றையும் முடிச்சிலிருந்து பிதுக்கித் தள்ளுகிறது, குழலில் போகும்போது நீர் திரும்புகிறது என்றார்.

இரண்டு கட்சிகளும் எண்பது ஆண்டுகள் மோதின. பிரெஸ்லாவில் இருந்த ருடால்ஃப் ஹைடன்ஹைன் லூத்விக்குக்கு எதிராக ஒரு கணக்குப் போட்டார். ஒரு நாளில் வெளியேறும் யூரியா முழுவதும் வடிந்தே வரவேண்டுமானால், பல பத்து லிட்டர் இரத்தநீர் தினமும் வடிய வேண்டும். அத்தனையையும் திரும்ப உறிஞ்ச வேண்டும். இப்படி ஓர் உறுப்பு வேலை செய்யுமா என்பது அவர் கேள்வி. கணக்கில் பிழையில்லை. நம்ப முடியாதது என்று அவர் ஒதுக்கிய அளவைவிட உண்மை பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

1917-ல் ஆர்தர் குஷ்னி, வடிதலும் தேர்ந்து மீளுறிஞ்சுதலும் சேர்ந்ததே சிறுநீரகத்தின் வேலை என்று தொகுத்துச் சொன்னார். அதற்கு நேரடிச் சான்று 1920-களில் வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் வேர்னும் ஏ.என். ரிச்சர்ட்ஸும் முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயால் தவளையின் ஒரே ஒரு முடிச்சைக் குத்தி, அங்கே வடியும் நீரை எடுத்துப் பார்த்தார்கள். அதில் புரதம் இல்லை. சர்க்கரையும் குளோரைடும் இருந்தன. அதே தவளையின் சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்த நீரில் சர்க்கரை இல்லை. வடிந்த சர்க்கரை வழியில் எங்கோ திரும்பிவிட்டது. லூத்விக் பக்கம் தீர்ப்பானது.

ஆனாலும் எதிர்க்கட்சி முழுதாகத் தோற்கவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஈ.கே. மார்ஷல், சிறுநீரகத்தில் முடிச்சே இல்லாத சில கடல்மீன்களும் சிறுநீர் உண்டாக்குகின்றன என்று காட்டினார். அவற்றின் குழல்கள் சுரந்தே கழிவை வெளியேற்றின. நம் குழல்களும் சிலவற்றை அப்படிச் சுரக்கின்றன. பெனிசிலின் புதிதாக வந்த 1940-களில் இது பெரிய தலைவலியாக இருந்தது. போட்ட மருந்தைச் சிறுநீரகக் குழல்கள் விரைந்து சுரந்து தள்ளிவிட்டன. கையிருப்பு அவ்வளவு குறைவு. நோயாளியின் சிறுநீரைச் சேகரித்து அதிலிருந்து பெனிசிலினை மீட்டு மறுபடி ஊசி போட்டார்கள்.

முடிச்சில் நடப்பது

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள் உண்டு. ஒரு முடிச்சும் அதைத் தொடரும் சிறுகுழலும் சேர்ந்ததே ஒரு நெஃப்ரான். எண்ணிக்கை ஆளுக்கு ஆள் பல மடங்கு வேறுபடும். பிறக்கும்போது இருப்பதுதான் கணக்கு. பிறகு புதிதாக ஒன்றும் முளைப்பதில்லை.

சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து 300 கிராம் எடைதான் இருக்கும். ஆனால் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேலாக, அவற்றின் வழியே ஓடுகிறது. தன் உயிர்ப்புக்காக மட்டும் ஓர் உறுப்புக்கு இவ்வளவு இரத்தம் தேவையில்லை, வடிப்பதற்காகவே வருகிறது. உடலின் மற்ற நுண்நாளங்கள் சிறுதமனியில் தொடங்கிச் சிறுசிரையில் முடியும். இந்த முடிச்சில் மட்டும் இரத்தம் ஒரு சிறுதமனி வழியே நுழைந்து இன்னொரு சிறுதமனி வழியே வெளியேறுகிறது. வரும் வழியையும் போகும் வழியையும் தனித்தனியே இறுக்கவும் தளர்த்தவும் முடிவதால், இரத்த அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் முடிச்சுக்குள் அழுத்தம் பெரிதாக மாறாமல் காக்க முடிகிறது.

முடிச்சின் சுவரில் மூன்று அடுக்குகள். உள்ளே துளைகள் நிறைந்த நாளச் செல்கள். நடுவே ஒரு மென்சவ்வு. வெளியே காலூன்றி நிற்கும் போடோசைட் செல்கள். கடைசி அடுக்கில் அருகருகே உள்ள கால்களுக்கிடையிலான பிளவை நெஃப்ரின் என்ற புரதம் அடைத்திருக்கிறது. பிறவியிலேயே சிறுநீரில் புரதம் கொட்டும் ஒரு நோய் ஃபின்லாந்தில் அதிகம். அதன் மரபணுவைத் தேடிப்போன ஆய்வாளர்கள் 1998-ல் நெஃப்ரினைக் கண்டறிந்தார்கள். நீர், உப்பு, சர்க்கரை, யூரியா எல்லாம் இந்தச் சுவரைத் தடையின்றிக் கடக்கும். இரத்த அணுக்களும் ஆல்புமின் போன்ற பெரிய புரதங்களும் உள்ளேயே நின்றுவிடும். நல்லது, கெட்டது என்ற பாகுபாடு இந்தச் சுவருக்குத் தெரியாது. அளவும் மின்னூட்டமும் மட்டுமே தெரியும்.

உடலில் பிளாஸ்மா என்ற இரத்தநீர் மூன்று லிட்டர். நாளில் 180 லிட்டர் வடிகிறது என்றால், அந்த மூன்று லிட்டரும் அறுபது தடவை வடிந்து திரும்புகிறது என்று பொருள். இந்த வேகத்தில்தான் சுற்றுவழியின் பயனும் இருக்கிறது. போகிக்கு முந்தைய நாள் அலமாரியைக் குனிந்து துழாவி வேண்டாததைத் தேடுகிறவர் எப்போதும் எதையாவது விட்டுவிடுவார். எல்லாவற்றையும் தரையில் கொட்டி, வேண்டியதை மட்டும் திரும்ப அடுக்குகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. சிறுநீரகம் இரண்டாவது வகை. கழிவு ஒவ்வொன்றையும் அடையாளம் காண வேண்டியதில்லை; காக்க வேண்டியவற்றின் பட்டியல் மட்டும் தெரிந்தால் போதும். அதனால்தான், மனித உடல் இதற்குமுன் கண்டிராத ஒரு புதிய வேதிப்பொருள்கூட, புரதத்தோடு ஒட்டிக்கொள்ளாமல் நீரில் கரைந்து நின்றால், தானாகவே வெளியேறிவிடுகிறது.

மீட்பு

வடிந்த நீர் குழலின் முதல் வளைவில் நுழைந்ததும் மீட்பு தொடங்கிவிடுகிறது. நீரிலும் சோடியத்திலும் மூன்றில் இரண்டு பங்கு இங்கேயே திரும்பிவிடும். நாளொன்றுக்கு வடியும் 180 கிராம் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் ஏறக்குறைய முழுவதும் இங்கேயே மீள்கின்றன. சர்க்கரையை மீட்கும் கடத்திகளுக்கு ஓர் எல்லை உண்டு. இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டும்போது அவை தத்தளிக்கும்; மிஞ்சியது சிறுநீரில் போகும். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்து நீரிழிவைச் சொன்ன பழைய மருத்துவர்கள் கண்டது இந்தக் கடத்திகளின் தோல்வியைத்தான்.

மீட்பு இலவசமாக நடப்பதில்லை. குழல்செல்களின் அடிப்புறத்தில் சோடியத்தை இறைக்கும் பம்புகள் ஓயாமல் வேலை செய்கின்றன. உடல் எடையில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லாத சிறுநீரகங்கள், ஓய்விலிருக்கும் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏழு முதல் பத்து விழுக்காட்டை எடுத்துக்கொள்கின்றன. வடிப்பதற்கான விசையை இதயம் தருகிறது. இந்தச் செலவில் பெரும்பகுதி மீட்பதற்கானது. இரத்த அழுத்தம் சரியும்போதும் கடும் நீரிழப்பிலும் முடிச்சைவிடக் குழல்கள் முதலில் அடிபடுவதற்கு இதுவே காரணம்.

குழலின் நடுப்பகுதி சிறுநீரகத்தின் ஆழத்துக்கு இறங்கி மீண்டும் மேலே ஏறுகிறது. 1862-ல் இதை விவரித்த யாக்கோப் ஹென்லேயின் பெயரே அதற்கு. இறங்கும் பகுதி நீரை விடும். ஏறும் பகுதி நீரை விடாமல் உப்பை மட்டும் வெளியே இறைக்கும். எதிரெதிர்த் திசையில் ஓடும் இந்த இரண்டு ஓட்டங்களால், ஒவ்வொரு மட்டத்திலும் உண்டாகும் சிறு வேறுபாடு மேலும் மேலும் பெருகி, சிறுநீரகத்தின் உட்பகுதி இரத்தத்தைவிட நான்கு மடங்கு செறிவான உப்புநிலையை அடைகிறது. 1950-களின் தொடக்கத்தில் வெர்னர் கூனும் அவருடைய சகாக்களும் இந்த எதிரோட்டப் பெருக்கத்தை விளக்கினார்கள்.

கடைசியாக வரும் சேகரிப்புக் குழல் இந்தச் செறிவான பகுதியின் வழியேதான் போக வேண்டும். தாகத்தின்போது மூளையிலிருந்து வரும் வாசோபிரசின் ஹார்மோன் அக்குழலின் சுவரில் நீர்வாயில்களைத் திறக்கிறது. நீர் வெளியேறி உடலுக்குத் திரும்புகிறது. சிறுநீர் மஞ்சளாகச் சுண்டுகிறது. தண்ணீர் மிகுதியாகக் குடித்தால் வாயில்கள் மூடிக்கொள்ளும். சிறுநீர் நிறமற்றுப் போகும். மது இந்த ஹார்மோனை அடக்கிவிடுவதால்தான் குடித்தவருக்கு அடிக்கடி சிறுநீர் வருகிறது. இத்தகைய வாயில்களை அக்வாபோரின் என்ற புரதக் குடும்பமாக அடையாளம் கண்ட பீட்டர் ஆக்ருக்கு 2003-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதச் சிறுநீரகத்தால் இந்த நான்கு மடங்குச் செறிவுக்கு மேல் போக முடியாது. பாலைவனத்துக் கங்காரு எலி நம்மைவிடப் பல மடங்கு செறிவாகச் சிறுநீர் விடும். அன்றாடக் கழிவைக் கரைத்து அனுப்ப நமக்குக் குறைந்தது அரை லிட்டர் சிறுநீராவது தேவை. கடல்நீரைக் குடித்தவருக்குத் தாகம் கூடுவதும் இதனால்தான்: அதிலுள்ள உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிகமான நீரை உடல் செலவிட வேண்டியிருக்கும்.

சமநிலையின் கணக்குகள்

இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல், பொட்டாசியம் 3.5 முதல் 5, அமிலக் காரநிலை 7.35 முதல் 7.45 என்ற குறுகிய எல்லைகளுக்குள் நின்றாக வேண்டும். நாம் சாப்பிடுவதோ நாளுக்கு நாள் மாறுகிறது. ஊறுகாயோடு பழைய சோறு ஒரு நாள், விரதம் ஒரு நாள், கல்யாணப் பந்தி ஒரு நாள். வரவு இப்படி இருக்க, இருப்பு மாறாமல் நிற்கிறதென்றால் செலவு வரவுக்கேற்ப மாறுகிறது என்று அர்த்தம். அந்தச் செலவைத் திருத்துவது குழலின் கடைசிச் சில விழுக்காடுகளில் நடக்கும் மீட்பு.

முதல் கணக்கு, உப்பும் அழுத்தமும். ஒவ்வொரு குழலும் ஏறி வரும் வழியில் தன் சொந்த முடிச்சின் வாசலைத் தொட்டுக்கொண்டு போகிறது. அங்கேயுள்ள செல்கள் குழலில் வரும் உப்பின் அளவை உணர்ந்து, வரும் தமனியை இறுக்கவோ தளர்த்தவோ செய்கின்றன. உப்பு குறைந்தால் ரெனின் சுரக்கிறது. 1898-ல் ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட்டும் பெர்க்மானும் முயலின் சிறுநீரகச் சாற்றை இன்னொரு முயலுக்குச் செலுத்தியபோது அதன் இரத்த அழுத்தம் ஏறியது. அந்தப் பொருளுக்கு அவர்கள் இட்ட பெயர்தான் ரெனின். அதிலிருந்து தொடங்கும் ஹார்மோன் சங்கிலி இரத்தநாளங்களை இறுக்கி, ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கவைத்து, சோடியத்தை மேலும் மீட்கச் சொல்கிறது.

இரண்டாவது, பொட்டாசியம். உடலின் பொட்டாசியத்தில் 98 விழுக்காடு செல்களுக்குள் இருக்கிறது. வெளியே இருக்கும் சிறு பகுதி சற்றுக் கூடினாலும் இதயத்துடிப்பு தடுமாறும். இதை வெளியேற்றும் பொறுப்பு பெரும்பாலும் கடைசிக் குழலின் சுரப்பைச் சார்ந்தது.

மூன்றாவது, அமிலம். உணவுப் புரதத்திலிருந்து தினமும் கிலோ எடைக்கு ஒரு மில்லிமோல் அளவில் அமிலம் சேர்கிறது. கரியமில வாயுவைப் போல இதை மூச்சில் விட்டுவிட முடியாது. சிறுநீரகம் முதலில், வடிந்த பைகார்பனேட் அனைத்தையும் மீட்கிறது. சமையல் சோடாவாகக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு 350 கிராம் அளவு வரும். பிறகு குளூட்டமின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அம்மோனியாவை உண்டாக்கி, அதோடு அமிலத்தை வெளியே அனுப்புகிறது.

சமநிலை காப்பது குழல்களோடு முடியவில்லை. சிறுநீரகத்துக்கு இவ்வளவு இரத்தம் வருவதால், ஆக்சிஜன் குறைவதை உணரவும் அது ஏற்ற இடம். சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபாய்ட்டின் பெருமளவு அங்கேதான் உருவாகிறது. ஆக்சிஜன் குறைவைச் செல்கள் அறியும் வழியைக் கண்டுபிடித்ததற்காக 2019-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் பீட்டர் ராட்கிளிஃப் சிறுநீரக மருத்துவர். வைட்டமின் டி தன் இறுதி வீரிய வடிவத்தை அடைவதும் சிறுநீரகத்தில். ஆகவே சிறுநீரகம் பழுதானவருக்கு இரத்தசோகையும் எலும்பு நலிவும் தனி நோய்களாக வருவதில்லை. ஒரே கணக்கு பல இடங்களில் தவறுகிறது.

குறையும்போது தெரியாதது ஏன்?

சிறுநீரகக் கோளாறு ஓசையின்றி வளரும். அதற்கு விளக்கம் தந்தவர் அமெரிக்க மருத்துவர் நீல் பிரிக்கர். நோயில் சில நெஃப்ரான்கள் அழிகின்றன. எஞ்சியவை ஒழுங்காகவே வேலை செய்து, அழிந்தவற்றின் பங்கையும் ஏற்றுக்கொள்கின்றன என்று 1960-ல் அவர் வாதிட்டார். வடிதல் கால் பங்காகக் குறைந்தாலும், எஞ்சிய ஒவ்வொரு குழலும் மீட்பைக் குறைத்து, நான்கு மடங்கு விகிதத்தில் உப்பை வெளியே விட்டு வரவுசெலவைச் சரிக்கட்டும். சோடியமும் பொட்டாசியமும் வெகுநாள்வரை சரியாகவே காட்டும். உறவினருக்கு ஒரு சிறுநீரகம் தானம் தந்தவர் நலமாக இருப்பதும் இதனால்தான். மிஞ்சிய ஒன்று வேலையைக் கூட்டிக்கொண்டு, பழைய மொத்த அளவில் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டை எட்டிவிடுகிறது.

இந்த ஈடுகட்டலுக்கும் ஒரு விலை உண்டு. எஞ்சிய முடிச்சுகளுக்குள் அழுத்தம் ஏறி, அவையும் தழும்பேறிச் சிதையத் தொடங்கும் என்று 1980-களில் பாரி பிரென்னர் காட்டினார். நீரிழிவில் இது தொடக்கத்திலேயே நடக்கிறது. முதல் வளைவில் சர்க்கரையோடு சேர்த்து உப்பும் அளவுக்குமேல் மீட்கப்படுவதால், வாசலில் உள்ள செல்களுக்கு உப்பு குறைவாகத் தெரிகிறது. அவை வரும் தமனியைத் தளர்த்தி முடிச்சின் அழுத்தத்தைக் கூட்டிவிடுகின்றன. கொட்டும் இடம் பழுதாவதற்கு அள்ளும் இடத்தின் மிகை ஒரு காரணமாகிறது.

சுவர் சிதைந்தால் ஆல்புமின் கசியும். லண்டன் கய்ஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், உடல்வீக்கம் உள்ளவர்களின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டியபோது அது திரைந்தது. அத்தகையோரின் சிறுநீரகம் கெட்டிருப்பதை இறந்தபின் அறுத்துப் பார்த்து உறுதிசெய்து 1827-ல் வெளியிட்டார். இன்று அதையே மிகச் சிறிய அளவிலும் அளக்க முடிகிறது. இன்னொரு அளவுகோல், தசையிலிருந்து வரும் கிரியாட்டினின். வடிதல் பாதியாகும்போது இரத்தத்தில் அது இரட்டிப்பாகும். 0.7 ஆக இருந்தவருக்கு 1.4 என்று வந்தால் ‘கொஞ்சம்தான் கூடியிருக்கிறது’ என்று தோன்றும், பாதி போயிருக்கும்.

எல்லாச் சிறுநீரக நோயும் முடிச்சில் தொடங்குவதில்லை. 1990-களிலிருந்து இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களின் விவசாயிகளிடையே, நீரிழிவும் இரத்தக்கொதிப்பும் இல்லாமலேயே சிறுநீரகம் செயலிழக்கும் நோய் பரவலாகக் காணப்பட்டது. மத்திய அமெரிக்காவின் கரும்பு வெட்டும் தொழிலாளர்களிடமும், ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் இத்தகைய நோய் உண்டு. இவர்களிடம் சேதம் பெரும்பாலும் குழல்களிலும் அவற்றைச் சூழ்ந்த திசுவிலும் இருக்கிறது. சிறுநீரில் ஆல்புமின் குறைவாகவே தெரியும். கடும் வெயிலில் நீரிழப்போடு உழைப்பது, வேளாண் இரசாயனங்கள், கிணற்றுநீரின் கடினத்தன்மையும் ஃபுளூரைடும் எனப் பல காரணங்கள் முன்வைக்கப்பட்டு இன்னும் விவாதத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடமும் வெப்பம் சிறுநீரகத்தை எப்படிப் பாதிக்கிறது என்று ஆய்வுகள் நடந்துள்ளன. நாள் முழுக்க வெயிலில் காய்ந்துவிட்டு, உடம்புவலிக்கு மருந்துக்கடையில் வலிமாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறவருக்கு ஆபத்து இரட்டிப்பு. நீரிழப்பின்போது முடிச்சுக்கு வரும் தமனியைத் திறந்துவைக்கும் பொருள்களின் உற்பத்தியை அந்த மாத்திரைகளில் பல தடுத்துவிடுகின்றன.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிறையக் குடித்தால் சிறுநீரகம் ‘கழுவப்படும்’ என்ற நம்பிக்கை பரவலானது. கூடுதலாகக் குடித்த நீர் வடிதலைக் கூட்டுவதில்லை, மீட்பைத்தான் குறைக்கிறது. கல் உண்டாகும் உடல்வாகு உள்ளவர்களுக்கு அதனால் நன்மை உண்டு. ஆனால் ஏற்கெனவே சிறுநீரகம் குறைந்தவர்களைக் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கவைத்து கனடாவில் நடத்தி 2018-ல் வெளியான சோதனையில், ஓராண்டுக்குப் பிறகும் சரிவு குறையவில்லை. வெயிலில் உழைப்பவர் இழந்த நீரை ஈடுகட்டுவது வேறு, அது கட்டாயம்.

மருத்துவம் கற்ற பாடம்

கடந்த ஐம்பது ஆண்டுகளில் சிறுநீரகச் சரிவைத் தாமதப்படுத்திய முக்கிய மருந்துகள் இந்த இயக்கத்தைப் புரிந்துகொண்டதால் வந்தவை. பிரேசிலின் ஒரு விரியன் பாம்பின் நஞ்சில் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து காப்டோபிரில் பிறந்து, 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவ்வகை மருந்துகள் ரெனின் சங்கிலியை அறுத்து, முடிச்சிலிருந்து வெளியேறும் தமனியைத் தளர்த்தி, உள்ளழுத்தத்தை இறக்குகின்றன. நீரிழிவுச் சிறுநீரக நோயில் இதன் பயன் 1993-ல் உறுதியானது.

இரண்டாவது மருந்துக் குடும்பத்தின் கதை இன்னும் சுவையானது. 1835-ல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஃபுளோரிசின் என்ற பொருளைப் பிரித்தார்கள். அதை உட்கொண்டால் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். முதல் வளைவில் சர்க்கரையை மீட்கும் கடத்தியை அது தடுக்கிறது என்று பின்னால் தெரிந்தது. அந்த வழியில் உருவான டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை நீரிழிவுக்காக வந்தன. வாசல் செல்களுக்கு உப்பின் உண்மையான அளவு மறுபடி தெரிந்ததால் முடிச்சின் அழுத்தமும் இறங்கியது. 2020 முதல் வந்த பெரிய சோதனைகள், நீரிழிவு இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் இவை சரிவைக் குறைக்கின்றன என்று காட்டின. மீட்பைக் கொஞ்சம் தடுத்தால் வடிப்பானைக் காக்கலாம் என்பதை முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரும் எளிதில் நம்பியிருக்க மாட்டார்கள்.

சிறுநீரகம் முற்றிலும் நின்றுவிட்டால்? 1943-ல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தின் காம்பன் ஊரில், வில்லெம் கோல்ஃப் செலோஃபேன் குழாய்களைச் சுற்றிய ஓர் உருளையை உப்புநீரில் சுழலவிட்டு டயாலிசிஸ் எந்திரத்தை உருவாக்கினார். 1945-ல் அதனால் முதல் நோயாளி பிழைத்தார். இன்று நம் ஊர்களில் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்பது வழக்கம். அந்த எந்திரம் சிறுநீரகத்தின் முதல் பாதியைத்தான் செய்கிறது. யூரியாவையும் பொட்டாசியத்தையும் மிகுந்த நீரையும் எடுக்கும். இன்று எதை எவ்வளவு வைத்துக்கொள்வது என்று அதற்குத் தெரியாது. அந்தத் தீர்மானத்தை நோயாளியும் மருத்துவரும் கையால் செய்ய வேண்டியிருக்கிறது. இளநீர் வேண்டாம், வாழைப்பழம் வேண்டாம், தண்ணீர் இத்தனை டம்ளர்தான் என்ற கட்டுப்பாடுகள், பாஸ்பேட்டைக் கட்டும் மாத்திரை, எரித்ரோபாய்ட்டின் ஊசி, வைட்டமின் டி எல்லாம் குழலும் அதன் சுற்றமும் செய்துவந்த வேலைகளுக்கான மாற்று ஏற்பாடுகள். வாரத்தின் 168 மணி நேரத்தில் 12 மணி நேரம் நடப்பது, ஓயாமல் நடந்ததற்கு ஈடாகாது.

இரண்டு பாதியையும் திரும்பத் தருவது மாற்றுச் சிறுநீரகம் மட்டுமே. 1954-ல் பாஸ்டனில் ஜோசஃப் முர்ரே ஒத்த இரட்டையரிடையே முதல் வெற்றியைக் கண்டார். இந்தியாவில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1971-ல் அந்தப் பாதையில் இறங்கியது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பகிரும் அரசுத் திட்டம் தமிழ்நாட்டில் 2008 முதல் நடக்கிறது. ஆனாலும் காத்திருப்போர் வரிசை உறுப்புகளைவிட எப்போதும் நீளமானது. வரிசைக்கு வரும் எண்ணிக்கையைக் குறைப்பதே மிஞ்சும் வழி.

அதற்கு முதல் படி மலிவானது. நீரிழிவோ இரத்தக்கொதிப்போ உள்ளவர்கள், குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்கள், வருடம் ஒருமுறை இரத்தத்தில் கிரியாட்டினினையும் சிறுநீரில் ஆல்புமினையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு வடிகிறது என்பதை முதலாவது சொல்லும்; வடிக்கும் சுவர் கசிகிறதா என்பதை இரண்டாவது சொல்லும். கவனித்தால், இரண்டுமே கொட்டும் பாதியைத்தான் அளக்கின்றன. அள்ளும் குழல்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று அதே எளிமையோடும் மலிவோடும் சொல்லும் பரிசோதனை, ஊர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம்வரை இன்னும் வந்து சேரவில்லை. அனுராதபுரத்து விவசாயியின் நோய் பெரும்பாலும் கைமீறிய பிறகே பிடிபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். சிறுநீரகத்தின் இரண்டாம் பாதி வேலையைப் புரிந்துகொள்ள அறிவியல் ஒரு நூற்றாண்டு போராடியது. அதை அளக்கும் எளிய வழி, வெயிலில் உழைப்பவர்களுக்கு எட்டும் விலையில் கிடைப்பதே இத்துறையின் அடுத்த கடமை.